விரைவும் விளக்கமும்

விரைந்து படிக்க விரும்பாதார் யார்? பரீட்சை நெருங்குங்கால் மாணவர்க்கு இவ்விருப்பம் இன்னும் மிகும். இதற்கென இணைய உலாவியிற் சேர்த்துக்கொள்ளும் சிறு நீட்சிகள் சில உள. கட்டுரையைத் திறந்து நீட்சியை இயக்கினால், சொற்கள் ஒவ்வொன்றாய் ஒரே இடத்தில் தோன்றி மறையும். கண் வரிதோறும் ஓடவேண்டியதில்லை. நிமிடத்துக்கு 500 சொற்கள் வேண்டுமெனினும் அவ்வாறே அமைக்கலாம். ஆங்கிலத்தை மௌனமாகப் படிக்கும் வளர்ந்தோரின் சராசரி வேகமோ ஏறக்குறைய 240 சொற்களே.

ஆயினும், கண்ணிற் பட்டதெல்லாம் கருத்திற் பதியுமா? பொருள் விளங்காவிடத்து எம் கண்கள் தாமாகவே பின்சென்று மீண்டும் நோக்குகின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர், 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இம்மீள்நோக்கைத் தடுத்துப் பார்த்தனர். படித்தோரின் விளக்கம் குன்றியது. சொற்களை ஒவ்வொன்றாய்க் காட்டி மறைக்கும் நீட்சியும் இவ்வாறே மீள்நோக்குக்கு இடந்தருவதில்லை.

ஆகவே, செய்திகளை மேலோட்டமாக அறிய இக்கருவியைக் கைக்கொள்வோம். பாடநூலையோ கவிதையையோ நின்று நிதானித்தே படிப்போம். பெற்றோரும், "எத்தனை பக்கம் முடித்தாய்?" என வினவுவதை விடுத்து, "என்ன விளங்கிற்று?" என வினவுவாராயின், அதுவே பிள்ளைக்கு உறுதுணையாகும்.