மாலை போட்டவருக்கு மனசு இல்லையா?

"மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்டா. அதுக்கு எதுக்குக் கூட்டம்?"

போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், இளநீர்க் கடை ஓரமாக நின்றபோது காதில் விழுந்தது இது. சொன்னவர் தாய்மாமன். கேட்டுக்கொண்டிருந்த மருமகனுக்கு முப்பது வயதிருக்கும். குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏஏ கூட்டம் பக்கத்தில் எங்காவது நடக்கிறதா என்று அவன் விசாரித்திருக்கிறான், அவ்வளவுதான். "நாலு பேர் முன்னாடி நான் குடிகாரன்னு சொல்லி மானத்த வாங்கப்போறியா? மலையச் சுத்திட்டு ஒரு கயிறு கட்டிக்கோ, போதும்" என்று முடித்துவிட்டார். பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடிப்பவனுக்கு மனசு இல்லையென்று யார் சொன்னது? கார்த்திகை முதல் தேதி நம் தெருக்களைப் பாருங்கள். முந்தின இரவு வரை டாஸ்மாக் வாசலில் நின்றவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்பார். விடியும் முன் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறுங்கால், வெறுந்தரையில் படுக்கை. 48 நாள் ஒரு சொட்டு தொடமாட்டார். இருமுடி கட்டி மலையேறி வந்து மாலையைக் கழற்றுகிறார். அன்று ராத்திரியே குவார்ட்டர். 48 நாள் தாங்கிய மனசு 49ஆம் நாள் எங்கே போயிற்று?

அந்த 48 நாளும் அவர் தனியாக இல்லை. அதுதான் விஷயம். தெருவே அவரைச் சாமி என்று கூப்பிட்டது. சாயங்காலமானால் பஜனை. ஒரு நாள் வராவிட்டால் குருசாமி வீட்டுக்கே ஆள் அனுப்பினார். கூடக் குடிப்பவர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். மாலையைக் கழற்றியதும் குருசாமி இல்லை, பஜனை இல்லை. பழைய கூட்டாளிகள் மட்டும் வாசலில் வண்டியோடு நிற்கிறார்கள். கூட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மாலை போட்டவரே பதில். அவரை 48 நாள் நிறுத்திவைத்ததே கூட்டம்தான்!

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் இதைத்தான் கண்டுகொண்டார். குடியை விட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. தேடிப் போன வியாபாரம் கவிழ்ந்தது. ஓட்டலில் தனியாள், பக்கத்திலேயே பார். அவர் தேடியது இன்னொரு குடிகாரரை. தேவாலயங்களுக்கு வரிசையாகப் போன் போட்டு விசாரித்து, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அந்த இருவர் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏஏ. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம், குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். மானம் போய்விடும் என்று அலறும் மாமாக்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். பார் வாசலில் விழுந்து கிடந்தபோது போகாத மானம், கதவு சாத்திய அறையில் போய்விடுமா? 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியவற்றை, அலசினார்கள். தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல இடங்களில் மேல் என்றே சொன்னார்கள்.

அருணகிரிநாதர் ஒரே நாளில் மாறவில்லையா என்பார்கள் நம் ஊரில். கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிப் பிடித்தான் என்பதுதான் நாம் சொல்லும் கதை. அந்தக் கதையிலும் அவர் தானாக எழுந்து வரவில்லை.

இந்த "ஒரே நாள்" பேச்சு ஆளையே கொல்லும். பல வருஷம் காலையிலேயே ஊற்றியவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், இல்லாதது கண்ணில் தெரியும், வலிப்பு வரும். அப்போது வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க ஓடுகிறார்கள். ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. முதலில் டாக்டர், பிறகு கூட்டம். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980லிருந்து இதைச் செய்துவருகிறது. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது அது. அவருக்கும் யாரோ, "நீ கண்டிச்சு வச்சிருக்கணும்மா" என்று சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் பெண்டாட்டிமேல் பழி போடாமல் எந்தக் குடிப் பேச்சு முடிந்திருக்கிறது? பழி தாங்காமல் அவள் யாரோ கொடுத்த பொடியைக் குழம்பில் கலக்கிறாள். அவனுக்குத் தெரியாமல் கொடுக்கும் சில மருந்து, மேலே சாராயம் போனால் உயிரையே எடுத்துவிடும்.

2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போதும், "குடிச்சவன் செத்தான், அவனுக்கு எதுக்குப் பத்து லட்சம் நிவாரணம்?" என்றுதான் டீக்கடைகளில் பேச்சு. மனசில்லாதவன் என்று முத்திரை குத்திவிட்டால் அவன் சாவுக்குக்கூட இரக்கப்பட வேண்டியதில்லை, பாருங்கள். 2003லிருந்து மதுச் சில்லறை விற்பனையைக் கையில் வைத்துக்கொண்டு வருஷத்துக்கு 45,000 கோடிக்கு மேல் அள்ளும் அரசுக்கும் இந்த முத்திரை வசதி. 2016இலும் 2023இலும் ஐந்நூறு ஐந்நூறு கடையாக மூடினார்கள். மிச்சக் கடை எங்கே என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. கூட்டம் எங்கே என்று கேட்கிறவன்தான் மாமாவிடம் திட்டு வாங்குகிறான்.

14446 என்று இலவச உதவி எண் இருக்கிறது. கிரிவலப் பாதையில் எத்தனையோ பேனர் கட்டுகிறோமே, இந்த எண்ணை எழுதி ஒன்று கட்டக் கூடாதா? நாமும் மாநகராட்சி ஆகிவிட்டோம். சமுதாயக் கூடத்தில் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் ஓர் அறை கொடுக்கட்டும். இனாமாக வேண்டாம். ஏஏ வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, வந்தவர்கள் தங்களுக்குள் போடும் காசிலேயே வாடகையைக் கட்டிவிடுவார்கள்.