தட்டில் ஏறாத இசை

'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனி'ஸ்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலில் உட்கார்ந்து, கிதாரை மீட்டியபடி 'மூன் ரிவர்' பாடுவார். பெரிய குரல் ஒன்றுமில்லை. அந்தக் குரல் எதுவரை ஏறும் என்று பார்த்துத்தான் ஹென்றி மேன்சினி மெட்டே போட்டார். படம் 1961-இல் வந்தது. மேன்சினியின் இசைத்தட்டும் அதே ஆண்டு வந்து சக்கைப்போடு போட்டது. ஆனால் தட்டை வாங்கி வீட்டுக்கு ஓடியவர்களுக்கு ஹெப்பர்ன் கிடைக்கவில்லை. குழுவாகப் பாடிய 'மூன் ரிவர்' ஒன்று இருந்தது, வெறும் வாத்தியத்தில் இன்னொன்று இருந்தது. அவர் பாடியது விற்பனைக்கு வந்தது 1993-இல், அவர் இறந்த பிறகு.

மேன்சினி இதில் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் வழக்கமே அதுதான். படத்துக்கு வாசித்ததைப் படத்தோடு விட்டுவிட்டு, இசைக்குழுவை மறுபடி கூட்டி, வரவேற்பறையில் கேட்கத் தோதாக மெட்டுகளைச் சின்னச் சின்ன உருப்படிகளாக்கிப் புதிதாகப் பதிவு செய்வார். 'பீட்டர் கன்' தொலைக்காட்சித் தொடருக்கு அவர் போட்ட தட்டுதான் முதல் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம். விற்பனைக்கு அது சரி. ஆனால் காட்சிக்குள் பதுங்கிக்கொண்டு வேலை பார்த்த இசை, ஒரு பார்வைக்கும் ஒரு தயக்கத்துக்கும் எழுதிய இசை, டப்பாவிலேயே தங்கிவிட்டது. 'டிஃபனி'ஸ்' படத்தின் அசல் பதிவை இண்ட்ராடா நிறுவனம் குறுந்தட்டாகக் கொண்டுவர 2013 ஆகிவிட்டது. ஐம்பத்திரண்டு வருஷம்.

இப்படிக் காத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. அதன் ஓரத்தில் நானும் நிற்கிறேன். இண்ட்ராடா, லா-லா லேண்ட், வரேஸ் சாராபாண்ட், ஸ்பெயினில் குவார்டெட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறு நிறுவனங்கள்தான் எங்களுக்குப் படியளப்பவை. பழைய ஹாலிவுட் படம் அல்லது தொடரின் பின்னணி இசையை, அன்று தட்டில் வந்த அரை மணி நேரத்தோடு நிறுத்தாமல், பதிவான அத்தனையும் சேர்த்து, படத்தில் வரும் வரிசையில் வெளியிடுவார்கள். உள்ளே ஒரு கையேடு இருக்கும். அதில் ஒவ்வொரு இசைத்துண்டுக்கும் இசையமைப்பாளர் எழுத்துப்படியில் போட்ட எண் இருக்கும்: 1எம்2 என்றால் முதல் ரீலில் இரண்டாவது துண்டு. படத்தை ஓடவிட்டு, எந்த இடத்தில் எது ஒலிக்கிறது, அது தட்டில் இருக்கிறதா என்று நோட்டுப் போட்டுக் குறித்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நாற்பது விநாடித் துண்டு ஒன்று விட்டுப்போனால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

ஏன் அன்றே முழுவதையும் போடவில்லை? எல்பி தட்டில் இடம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். குறுந்தட்டு வந்து, எழுபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்த பிறகும், வரேஸ் சாராபாண்ட் பல படங்களுக்கு முப்பது நிமிடத்தோடு கடையைக் கட்டியது. காரணம், அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதி. படத்துக்காக வாசித்த வயலின்காரருக்குச் சம்பளம் படத்துக்கு மட்டும்தான். அதே வாசிப்பைத் தட்டில் போட்டு விற்றால் அவருக்கு மறுபடி பணம் கொடுக்க வேண்டும். எவ்வளவு நீளம் போடுகிறார்களோ அவ்வளவு கூடும். எண்பது பேர் வாசித்த இசை என்றால் தட்டு விற்கும் முன்பே கையைக் கடித்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான இசை குட்டையாகவும், லண்டனில் பதிவானது கொஞ்சம் தாராளமாகவும் வெளிவந்த ரகசியம் இதுதான்.

சேகரிப்பாளர்கள் சங்கத்தைத் திட்டாத நாளில்லை. நான் அந்தப் பஜனையில் சேர்வதில்லை. வாசித்தவனுக்குக் கூலி கொடுக்காமல் என் அலமாரி நிறைய வேண்டாம். கடைசியில் சங்கமே இறங்கிவந்தது. சில ஆயிரம் பிரதிகள் மட்டும் என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் கட்டணத்தில் சலுகை உண்டு என்று வழி விட்டது. தட்டுகளின் முதுகில் '3,000 பிரதிகள் மட்டும்' என்று அச்சாகத் தொடங்கிய காலம் அது.

'டை ஹார்ட்' 1988-இல் உலகையே ஒரு சுற்றுச் சுற்றி வந்த படம். மைக்கேல் கேமனின் இசைக்கு அப்போது தட்டே கிடையாது, அரை மணி நேரம்கூட இல்லை. 2002-இல் வரேஸ் 3,000 பிரதி போட்டது. 2011-இல் லா-லா லேண்ட் இரண்டு தட்டுகளாக விரித்துப் போட்டது. இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு. ஒரே படத்தின் இசையை எல்பி, குறுந்தட்டு, விரிவாக்கிய குறுந்தட்டு, மறுபடி நாடாவைச் சுத்தம் செய்த குறுந்தட்டு என்று நான்கு தடவை வாங்கிய மகானுபாவர்களும் உண்டு. அவர்கள் வீட்டு நிதியமைச்சர்களுக்கு இது தெரியுமா என்பது வேறு விஷயம்.

இத்தனை பணமும் பொறுமையும் போட்டு என்னதான் கிடைக்கிறது? எனக்கு இதைப் புரியவைத்தது 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்'. 1979-இல் வந்த படம். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசை. அன்றைய எல்பி சுமார் நாற்பது நிமிடம். 2012-இல் லா-லா லேண்ட் அதை மூன்று தட்டுகளாகக் கொண்டுவந்தது.

படத்தில் ஒரு நீண்ட காட்சி. கேப்டன் கிர்க்கும் ஸ்காட்டியும் ஒரு சின்னக் கூண்டு வண்டியில் ஏறி, பணிமனையில் நிற்கும் எண்டர்பிரைஸ் கப்பலைச் சுற்றி வருகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல், பேச்சு ஏறக்குறைய இல்லை. கப்பலின் வயிறு, கழுத்து, விளக்குகள், கிர்க்கின் முகம், அவ்வளவுதான். கதை ஓர் அங்குலம் நகர்வதில்லை. முழுக்க முழுக்க இசைதான் தாங்குகிறது. இதற்குக் கோல்ட்ஸ்மித் முதலில் எழுதியது வேறு. மூன்று தட்டுப் பதிப்பில் அது இருக்கிறது. தந்திகள் அலைபோல் எழும்பி எழும்பி அடங்குகின்றன. பித்தளை வாத்தியங்கள் பின்னாலிருந்து பெருகி வருகின்றன. பாய்மரக் கப்பல் ஒன்று துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதாக நினைத்துக்கொள்ளலாம். அழகுதான். ஆனால் கேட்டு முடித்தபின் முணுமுணுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. இயக்குநர் ராபர்ட் வைஸுக்கும் அதே குறை: இதில் மையமான மெட்டு எங்கே? கோல்ட்ஸ்மித்துக்கு மனது சுருங்கியது. படம் வெளியாகும் தேதியோ கழுத்தை நெரிக்கிறது. மறுபடி உட்கார்ந்து எழுதினார். வந்தது ஒரு வீறுநடை மெட்டு. அதே அலை, அதே ஏற்றம், ஆனால் இப்போது மேலே ஒரு பாட்டு நடந்து போகிறது. 1987-இல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் முகப்பிசையாகி வீடு வீடாகப் போனதும் அந்த மெட்டுதான்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு கலைஞன் தன் எழுத்தை அடித்துத் திருத்திய தாளைப் பார்க்க எத்தனை இடத்தில் கொடுத்து வைத்திருக்கிறது நமக்கு? படம் பார்ப்பவனுக்குத் திருத்திய பிரதி போதும். எனக்கு அடித்த பிரதியும் வேண்டும். நீளம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக நான் இந்தத் தட்டுகளுக்குக் காத்திருக்கவில்லை.

தொலைக்காட்சித் தொடர்களின் கதை இன்னும் ருசி. 1960-களின் மூல 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் எல்லா அத்தியாயத்துக்கும் தனி இசை எழுதக் காசில்லை. சிலவற்றுக்கு எழுதி, சின்ன இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்து, மற்ற அத்தியாயங்களில் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். ஜெரால்ட் ஃப்ரைட் 'அமோக் டைம்' என்ற அத்தியாயத்தில் கிர்க்கும் ஸ்பாக்கும் மோதும் சண்டைக்கு எழுதிய இசை, பிறகு கிர்க் யாரோடு கைகலந்தாலும் ஓடிவரும். அறுபதுகளின் குழந்தைகளுக்கு அது ரத்தத்தில் கலந்த சங்கதி. 2012-இல் மூன்று சீசன்களின் இசையும் 15 தட்டுகள் கொண்ட பெட்டியாக வந்தபோது, ஓட்டுவேலை அத்தனையையும் பிரித்து, எந்தத் துண்டு எந்த அத்தியாயத்துக்குப் பிறந்தது என்று ஜாதகமே கணித்துவிட்டார்கள். (தொடரின் முகப்பு மெட்டு அலெக்சாண்டர் கரேஜ் போட்டது. தொடரில் ஒருபோதும் பாடப்படாத வரிகளை அதற்கு எழுதிவைத்து, ராயல்டியில் பாதியைத் தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரி வாங்கிக்கொண்டார். நம்மூர் தயாரிப்பாளர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.)

தட்டில் மட்டுமல்ல, படத்திலேயே வராத இசையும் உண்டு. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் 1968 ஜனவரியில் லண்டனில் நாற்பது நிமிடத்துக்கு மேல் பதிவு செய்துகொடுத்தார். வேலைச் சுமையில் உடம்பு இசிவு கண்டு, ஆம்புலன்ஸில்தான் ஒலிப்பதிவுக்கே போனார். ஸ்டான்லி குப்ரிக் அதில் ஒரு சுரத்தைக்கூடப் பயன்படுத்தவில்லை. இந்தச் செய்தியை நார்த்திடம் யாரும் சொல்லவுமில்லை. நியூயார்க்கில் படம் திரையிட்டபோது அரங்கில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார். அவர் 1991-இல் இறந்தார். 1993-இல் அவர் நண்பர் கோல்ட்ஸ்மித் அந்த இசையை மறுபடி வாசிக்கவைத்துத் தட்டாக்கினார். 1968-இன் அசல் பதிவை 2007-இல் இண்ட்ராடா வெளியிட்டது. குப்ரிக்கின் தேர்வு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பதிலுக்கு அவர் வைத்துக்கொண்ட ஸ்ட்ராஸ் இசை இல்லாமல் அந்தப் படத்தை இன்று நினைக்க முடியவில்லை. ஆனாலும் நார்த்தின் இசையைக் கேட்கும்போது அவர் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

இதெல்லாம் கிடைத்தவற்றின் கதை. ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய ஸ்டூடியோவாக இருந்த எம்ஜிஎம், இடத்தை அடைக்கிறது என்று தன் இசை நூலகத்தின் முழு எழுத்துப்படிகளை 1969 வாக்கில் குப்பையாகக் கொட்டிப் புதைத்தது. இன்று அந்த இசையை மேடையில் வாசிக்க வேண்டுமானால் ஆங்கிலேய நடத்துநர் ஜான் வில்சனைப்போல் படத்தைப் போட்டுப் போட்டுக் காதால் கேட்டு எழுதத்தான் வேண்டும். 2008-இல் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் எரிந்த தீயில் எத்தனை மூல ஒலிநாடாக்கள் போயின என்பது வெளியே வரவே 2019 ஆனது. நாடா போன படங்களுக்கு ஒரே வழி, பிராக் நகரத்து இசைக்குழுவை உட்காரவைத்து மொத்தத்தையும் புதிதாக வாசிப்பது. டாட்லோ நிறுவனம் 'எல் சிட்', 'கோ வாடிஸ்' படங்களை அப்படித்தான் மீட்டது. அசல் இல்லையே என்று மூக்கைச் சுளிப்பவர்களுடன் எனக்குப் பேச்சில்லை.

முழுமை என்றாலே மேன்மை என்று நம்புகிறவனும் நானில்லை. 'ஜாஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் 1975-இல் எல்பிக்காகவே திருத்தி மறுபதிவு செய்த தட்டு, படத்தில் வரும் இசையைவிடக் கேட்க நன்றாயிருக்கிறது. சுறா கண்ணில் படாத இடத்தில் வரும் ஒரு நிமிட உறுமலை எத்தனை தடவைதான் கேட்பது? இண்ட்ராடா 2015-இல் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துச் சண்டையை முடித்துவிட்டது.

நமக்கு இந்த ஆசை புதிதல்ல. நம்மூரில் தட்டு என்றால் பாட்டுத்தான். ஆனால் 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு ஒலிபெருக்கியில் ஓடாத கோயில் கொடை உண்டா? ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்ட தலைமுறைக்குப் பின்னணி இசை வசனத்துக்கு அடியில்தான் மனப்பாடம். இன்று இளைஞர்கள் இளையராஜா படங்களிலிருந்து பிஜிஎம் துண்டுகளை வெட்டிச் சேர்த்துக் கேட்கிறார்கள். கதவு சாத்தும் சத்தம், இருமல், பாதி வசனம் எல்லாம் கூடவே வரும். அந்த இசையைத் தட்டாகப் போட்டால் வாங்க 3,000 பேர் கிடைப்பார்களா என்றால், அந்த எண்ணிக்கை ஒரு வாரம் தாங்காது. நாடா எங்கே, உரிமை தயாரிப்பாளருடையதா, கேசட் நிறுவனத்துடையதா, இசையமைத்தவருடையதா என்று கேட்கத் தொடங்கினால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

என்றைக்காவது நம்மூரில் முதல் தட்டு போடப்போகிறார்கள் என்றால் என் ஓட்டு 'முள்ளும் மலரும்' படத்துக்கு. கடைசியில் வள்ளி அண்ணனிடம் திரும்பி ஓடிவரும் இடம். மகேந்திரன் வசனத்தைக் குறைத்து இளையராஜாவுக்கு இடம் விட்ட படம் அது. அந்த ரீலின் எண்ணைப் போட்டு, பக்கத்தில் எத்தனை வயலின், யார் புல்லாங்குழல் என்று அச்சடித்த கையேட்டோடு வந்தால், விலை என்னவென்று கேட்காமல் இரண்டாக வாங்குவேன்.