வியர்வைக்குப் பொய் தெரியுமா?

டாக்டர் ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே ஒரு தட்டு தட்டுகிறார். கால் சட்டென்று எம்புகிறது. உங்களைக் கேட்டா எம்பியது? நரம்பு ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறார். அதோடு சரி. ‘நேத்து ராத்திரி எங்கே போயிருந்தே?’ என்று உங்கள் முட்டியை அவர் விசாரிப்பதில்லை.

பாலிகிராஃப் விசாரிக்கிறது! 1921-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரத்துப் போலீஸ்காரர் ஜான் லார்சன் தொடங்கிவைத்த கூத்து இது. மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, விரல் நுனி வியர்வை. மெஷின் அளப்பது இவ்வளவுதான். ‘பொய்’ என்று காட்ட அதில் தனியாக ஒரு முள் கிடையாது. அதைச் சொல்வது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமி.

போலீஸைப் பார்த்தால் அப்பாவிக்கும் வியர்க்கும் சார். கல்லுளிமங்கனுக்கு வியர்க்காது. சி.ஐ.ஏ-வில் சம்பளம் வாங்கிக்கொண்டே சோவியத்துக்கு உளவு பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986, 1991 என இரண்டு தடவை இதே சோதனையில் பாஸ்! 1994-ல்தான் மாட்டினார்.

சம்மதம் இல்லாமல் யாருக்கும் இதைச் செய்யக் கூடாது. சம்மதித்தாலும் சோதனை முடிவே சாட்சியம் ஆகிவிடாது. 2010-லேயே நம் சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஆனால், ஒருத்தன் மறுத்துப் பார்க்கட்டும்... ‘மடியில கனம், அதான் பயப்படுறான்’ என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்த லட்சணத்தில் வாங்குவதற்குப் பெயர் சம்மதமா?

அடுத்த தடவை பேப்பரில் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்று பார்த்தால், தயவுசெய்து ‘வியர்வை கண்டறியும் சோதனை’ என்று திருத்திப் படியுங்கள்.