பெயரற்ற வட்டாரங்களும் திருகோணமலை முகாமும்

"நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன." எங்கள் அரசியல் செய்திகள் பல இந்த ஒற்றை வரியில்தான் நிற்கின்றன. கூட்டணி உடையப்போகிறது, வேட்பாளர் மாறப்போகிறார் என்பவை பிழைத்துப்போனால் பெரிய நட்டமில்லை. ஆனால் இரகசிய முகாமில் எங்கள் பிள்ளைகள் உயிருடன் இருக்கிறார்கள் என்ற செய்தி அப்படியல்ல. அதை வாசித்துவிட்டு ஒரு தாய் மறுநாள் பஸ் ஏறுவார்.

2015 பெப்ரவரியில் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் சுரேஷ் பிரேமச்சந்திரன், திருகோணமலையில் 'கோத்தா முகாம்' என்ற பெயரில் இரகசியத் தடுப்பிடம் ஒன்றில் நம்மவர்கள் வைக்கப்பட்டுள்ளதாகச் சபையில் சொன்னார். அரசாங்கத் தரப்பு மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கை வந்த ஐ.நா.வின் வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான செயற்குழு, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் நிலத்தடித் தடுப்பறைகளை நேரில் பார்த்தது. 2008, 2009 இல் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கின் விசாரணையிலும் அதே தளத்தின் 'கன்சைட்' வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே நடந்ததைக் கடற்படையைச் சேர்ந்தவர்களே விசாரணையாளர்களிடம் சொன்னார்கள்.

ஆக, வதந்தி என்று தள்ளப்பட்டதில் உண்மை இருந்தது. ஆனால் எவ்வளவு? அப்படி ஓர் இடம் இருந்தது என்பது உறுதியானது. அதில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது உறுதியாகவில்லை, செயற்குழு அங்கே எவரையும் காணவில்லை. இரண்டையும் ஒரே செய்தியாகக் கட்டி எழுதும்போது, முதலாவதன் நம்பகத்தன்மையை இரண்டாவது இரவல் வாங்கிக்கொள்கிறது.

பெயர் சொல்லாதவரெல்லாம் பொய்யர் இல்லை. படைமுகாமுக்குள் பார்த்ததைச் சொல்பவர் பெயரை மறைப்பது உயிருக்குப் பயந்து. கட்சிக் கூட்டத்தில் பேசியதைக் கசியவிடுபவர் மறைப்பது, நாளைக்கு "நான் சொல்லவில்லை" என்பதற்கு. இந்த வித்தியாசத்தை எழுதுபவர் வாசகருக்குக் காட்டவேண்டும். "வட்டாரம்" என்று மட்டும் எழுதினால் காவலாளியா, சாரதியா, அமைச்சரின் செயலாளரா, எதுவும் தெரியாது. அவர் கண்ணால் கண்டாரா, கேள்விப்பட்டாரா என்பதும் தெரியாது. நானும் அவசரத்தில் அப்படி எழுதியிருக்கிறேன்.

இது தமிழ் ஊடகங்களின் வியாதி மட்டுமல்ல. 2019 மே 23 அன்று 'திவயின' பத்திரிகை, ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக முன்பக்கத்தில் எழுதியது. ஆதாரம், பெயர் சொல்லாத பொலிஸ், வைத்தியசாலை வட்டாரங்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குருநாகல் வைத்தியர் ஒருவர் கைதானார். குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. 4,000 என்ற எண்ணை யார் எண்ணினார், எந்தப் பதிவேட்டில் என்று முதல் நாளே கேட்டிருக்கலாம்.

எங்கள் பக்கத்திலும் அதே கேள்விதான். முகாம் என்றால் எங்கே, கடைசியாக யார் எப்போது பார்த்தார், மறுப்புக் கேட்கப்பட்டதா? செய்தி வந்து சில மாதங்களுக்குப் பின், அதை வெளியிட்டவர்கள் அதே விடயத்துக்குத் திரும்பி வந்தார்களா என்றும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வந்திருக்கமாட்டார்கள். பஸ் ஏறிப்போன அந்தத் தாய்க்கு என்ன பதில் கிடைத்தது என்பதும் செய்தியாகியிருக்காது.