திருச்செந்தூரில் எலெக்ட்ரிக் குட்டி யானை: வண்டி ரெடி, பிளக் எங்கே?

திருச்செந்தூரில் லோடு வண்டி வைத்திருப்பவரின் ஒரு நாள் ஓட்டம் எவ்வளவு இருக்கும்? மீன் பெட்டியோ, உடன்குடி கருப்பட்டியோ, ஆத்தூர் வெற்றிலையோ ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போய்த் திரும்பினால் சுமார் 80 கி.மீ. நெல்லை போய்த் திரும்பினால் 120 கி.மீ.க்குக் கிட்ட வரும். எலெக்ட்ரிக் குட்டி யானை நமக்குச் சரிப்படுமா என்பதற்கான பதில் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

2025 ஜூனில் வந்த டாடா ஏஸ் ப்ரோவை எடுத்துக்கொள்வோம். அறிமுக ஷோரூம் விலை பெட்ரோலுக்கு 3.99 லட்சம், எலெக்ட்ரிக்குக்கு 6.50 லட்சம். எலெக்ட்ரிக் வண்டியின் பேட்டரி 14.4 யூனிட் கொள்ளும். 750 கிலோ ஏற்றலாம். ஒரு சார்ஜில் 155 கி.மீ. ஓடும் என்கிறது கம்பெனி. அது சோதனைக் கணக்கு. முழு லோடு, நம்ம ஊர் வெயில், ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் சேர்த்து 110 என்றே வைத்துக்கொள்வோம்.

தூத்துக்குடி டிரிப்புக்குப் பிரச்சினையே இல்லை. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 12 யூனிட் போதும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் 400 ரூபாயைத் தாண்டும்.

கரன்ட் பில்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாதம் 25 நாள் ஓடினால், இரண்டு மாத பில்லில் 600 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 யூனிட் செலவழிக்கும் வீடு 900-க்குப் போகும். 500 யூனிட்டைத் தாண்டியதுமே கீழ் ஸ்லாபின் சலுகைக் கட்டணம் போய்விடும். மேலே போகப் போக ரேட்டும் ஏறும். கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் சராசரியாக 8, 9 ரூபாய்க்கு வந்து நிற்கும். அப்படியும் ஒரு நாள் செலவு 100 ரூபாயை ஒட்டித்தான். மாதம் ஏழாயிரத்துக்கு மேல் மிச்சம். விலை வித்தியாசமான இரண்டரை லட்சம், வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு சொந்த வீடும் வண்டி நிறுத்த இடமும் உள்ளவருக்கு. வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார்? வண்டி தெருவில் நிற்கும். மீட்டர் வீட்டு ஓனர் பெயரில் இருக்கும். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். கடற்கரை ஊரில் உப்புக்காற்றுக்கு பிளக் பாயின்ட் சீக்கிரம் அரிக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது முதல் வேலை.

பெரிய லாரிக்குக் கிடைக்கிற ஆதரவு சின்ன வண்டிக்கு இல்லை. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட எலெக்ட்ரிக் டிரக்குகளுக்குத்தான் மானியம். கடன் வாங்கி ஒற்றை வண்டி ஓட்டுகிறவர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறார். 2018-லிருந்து பேட்டரி சரக்கு வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை.

இத்தனைக்கும் வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறக்கப்பட்டது இதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான். கார்களுக்கான ஃபாஸ்ட் சார்ஜர்கள் ஹைவே ஹோட்டல் வாசலில் வருவது நல்லதுதான். லோடு வண்டிக்காரர் அங்கே காபி குடித்துக்கொண்டு நிற்கப்போவதில்லை. அவர் காத்திருப்பது நயினார்குளம் மார்க்கெட்டில், மீன் இறங்குதளத்தில், பஜார் ஓரத்தில்.

அங்கே லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும் ஃபாஸ்ட் சார்ஜர்கூட வேண்டாம். மழை படாத கூரை, மீட்டரோடு பத்து 15 ஆம்பியர் பிளக் போதும். நகராட்சியோ மாநகராட்சியோ மின்வாரியத்தோடு சேர்ந்து போட முடியாத வேலையா இது? நெல்லையில் சரக்கு இறக்கும்போது பேட்டரியில் இன்னும் 50 கி.மீ. ஓட்டம் மிச்சம் இருக்கும். திரும்ப வேண்டியதோ 60. அடுத்த வாடகைக்காகக் காத்திருக்கிற இரண்டு மணி நேரத்தில் பிளக்கில் போட்டால் 6 யூனிட், அதாவது சுமார் 45 கி.மீ. ஏறும். வண்டி வீடு வந்து சேர்ந்துவிடும்.