டில்லிக் குளிரில் விறைக்கும் தென்காசி விரல்!

குற்றாலம் சீசனில் பலூன் சுடும் கடை முன்னால் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். அருவியில் குளித்த ஈரத்தலை. தோளில் துண்டு. நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தை வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு மாமா துப்பாக்கியைத் தூக்குவார்.

"டப்!"

பலூன் அப்படியே இருக்கும்.

"என்ன மாமா, ஒண்ணுகூட உடையலியே!"

"குழல் கோணல் மாப்பிள்ளை! கடைக்காரன் வேணும்னே அப்படி வச்சிருக்கான்!"

குழல் கோணலாகவும் இருக்கலாம். அது கடைக்காரருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். ஆனால் மாமாவின் கையைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். வெடவெடவென்று நடுங்குகிறது. ஐந்தருவித் தண்ணீரில் அரைமணி நேரம் நின்ற உடம்பு அது. விசை எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை.

இது சில்லறைக் காசோடு போகிற விஷயம். சிரித்துவிட்டுப் போய்விடலாம். இதே நடுக்கம் டில்லியில் நடக்கும் தேசியப் போட்டியில் வந்தால்? ஒரு வருஷ உழைப்பு போகும். துப்பாக்கிக்காக அப்பா வாங்கிய கடனும் வீண்.

இரண்டு நாள் ரெயில்

தேசிய துப்பாக்கி சுடும் போட்டிகள் சமீப வருஷங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில்தான் பெரும்பாலும் நடக்கின்றன. டில்லியிலும் போபாலிலும் நடக்கின்றன. டில்லியில் துக்ளகாபாத் பக்கம் டாக்டர் கர்ணி சிங் மைதானம் இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்தது. நல்ல மைதானம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. டிசம்பர் கடைசியில் அங்கே வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்குவது சகஜம். அதுதான் சங்கதி.

மேலகரத்தில் இருந்து ஒரு பையன் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வளர்ந்தவன். மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டும் ஊர். மாநிலப் போட்டியில் சென்னையிலோ திருச்சியிலோ வியர்க்க வியர்க்கச் சுட்டுத் தேறியவன். நெல்லைக்கு வந்து திருக்குறள் எக்ஸ்பிரசைப் பிடிக்கிறான். ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். நிஜாமுதீனில் இறங்குகிறான். மறுநாள் காலை போட்டி!

வாயைத் திறந்தால் புகை வருகிறது. கையை வெளியே எடுத்தால் விரல் மரத்துப் போகிறது. பக்கத்தில் நிற்கும் அரியானா பையனோ சாதாரணமாக நிற்கிறான். அவனுக்கு அது வீட்டு வாசல் குளிர்.

பையன் தோற்றுத் திரும்புகிறான். ஊரில் என்ன பேச்சு? "நம்ம ஊருப் பிள்ளைகளுக்குக் குறி போதாதுப்பா." அப்படியா? இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்த பெண். வளர்ந்தது குஜராத்தில். 2019-ல் ரியோ உலகக் கோப்பையிலும், அதே வருஷம் சீனாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2023-ல் ஹாங்சூ ஆசிய விளையாட்டில் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வாங்கிய மூவரில் ஒருவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். குறிக்குப் பஞ்சம் இல்லை.

முடிச்சு குளிரில் இருக்கிறது.

0.1-ன் விலை

"ஒரு விரல் விறைச்சதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் நடுப் புள்ளி அரை மில்லி மீட்டர். குண்டூசித் தலையைவிடச் சிறிசு! சுடும் ரவையின் கனமே 4.5 மில்லி மீட்டர். 75 நிமிஷத்தில் 60 குண்டு சுட வேண்டும். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. புள்ளிக்குப் பிறகு வரும் அந்த ஓர் எண்ணில்தான் ஆளின் தலையெழுத்தே இருக்கிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதிச் சுற்றில் ரமிதா எடுத்தது 631.5. ஐந்தாவது இடம். இறுதிப் போட்டிக்குப் போய்விட்டார். இளவேனில் எடுத்தது 630.7. பத்தாவது இடம். வீடு திரும்பினார். 60 குண்டுக்கும் சேர்த்து வித்தியாசம் 0.8. பாரிசில் அப்போது குளிர்காலம் இல்லை. நடுக் கோடை. அங்கேயே இப்படி என்றால், விறைத்த விரலோடு சுடுகிறவன் கதி என்ன? ஒரு குண்டுக்கு 0.1 போனால் 60 குண்டுக்கு 6 புள்ளி. பட்டியலில் அவன் பெயரை அடியில் இருந்து தேட வேண்டியதுதான்.

ஸ்வெட்டர் போட்டால் போதாதா?

போதாது. இங்கேதான் பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். சென்னையில் கனமான ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். ரைபிள் போட்டியில் ஜாக்கெட்டுக்கு விதி உண்டு. அதற்குள்ளே போடும் உடைக்கும் விதி உண்டு. 2.5 மில்லி மீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது. அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் பரிசோதனை மேஜையிலேயே நின்றுவிடும். மெல்லிய கம்பளி பனியன்தான் தோது. சுடாத நேரத்தில் மேலே எதை வேண்டுமானாலும் போர்த்திக்கொள்ளலாம்.

உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றத்தான் முதலில் பார்க்கும். கை, கால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் திருப்பி விடும். இயற்கை அப்படி. விசையைத் தொடுகிற நுனி விரலுக்குத்தான் முதல் அடி. ஏர் ரைபிள் விசை தொட்டாலே விழுகிற மாதிரி லேசானது. மரத்த விரல் அதைத் தொட்டதே தெரியாது. நினைப்பதற்கு முன்னால் குண்டு போய்விடும். அல்லது போகவே போகாது. பையன் பயந்து அழுத்துவான். துப்பாக்கி அசையும். முடிந்தது கதை.

துப்பாக்கிக்கும் குளிர் உண்டு. எண்ணெய் கெட்டிப்படும். ஊரில் போடுகிற மாதிரி தாராளமாக எண்ணெய் போட்டால் விசை சோம்பிப் போகும். .22 தோட்டாவின் மேல் பூசிய மெழுகு இறுகும். வேகம் மாறும். வெயிலில் நன்றாகச் சுட்ட தோட்டா பனியில் சிதறும். வெளியே பனியில் கிடந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுபோய் உடனே பெட்டியைத் திறந்தால், மோர்ப் பாத்திரம் வியர்க்கிற மாதிரி இரும்பு வியர்க்கும். குறி பார்க்கும் துவாரத்தில் ஆவி படியும். அரைமணி நேரம் பெட்டியை மூடியே வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. காசு செலவில்லாத வைத்தியம். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

டிராப் போட்டிக்காரர் பாடு இன்னும் மோசம். திறந்தவெளியில் நின்று, பறக்கும் ஆரஞ்சுத் தட்டைச் சுட வேண்டும். டில்லி மூடுபனியில் தட்டே தெரியாது. பனி விலகும் வரை காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடக்கிற நேரத்தில்தான் உடம்பு ஆறிப் போகிறது.

பனிக்கட்டியிலும் சுடுகிறார்கள்

ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியில் ஏர் ரைபிள் லீக் போட்டிகளே அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான். குளிர்காலம் வந்தால் ஹாலுக்குள் வந்துவிடுகிறார்கள்.

பயத்லான் என்று ஒரு விளையாட்டு. 1960-ல் இருந்து குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கிறது. முதுகில் ரைபிளைக் கட்டிக்கொண்டு பனிச்சறுக்கில் ஓடி வந்து, இரைக்க இரைக்க 50 மீட்டரில் சுட வேண்டும். படுத்துச் சுடும் இலக்கு 45 மில்லி மீட்டர்தான். மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும்தான் போட்டியை நிறுத்துவார்கள். அவர்கள் விரல் என்ன, இரும்பா? பழக்கம்! தினமும் குளிரில் பயிற்சி எடுக்கிறார்கள். சுடும் கையைக் கடைசி நிமிஷம் வரை சூடாக வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம என்.சி.சி. பிள்ளைகளையே பாருங்கள். குடியரசு தின முகாமுக்கு ஜனவரி 26-க்குச் சுமார் நான்கு வாரத்துக்கு முன்பே டில்லிக்கு அழைத்துப் போகிறார்கள். முதல் வாரம் மூக்கு ஒழுகுகிறது. உதடு வெடிக்கிறது. அணிவகுப்பு நாளில் கம்பீரமாக நடக்கிறார்கள். கொடி பிடிக்கிற கைக்குக் கிடைக்கிற அவகாசம், விசை பிடிக்கிற கைக்கு ஏன் கிடைக்கவில்லை?

ஊட்டி எதற்கு இருக்கிறது?

நான்கு வாரம் டில்லியில் தங்க வைக்க முடியாது. அது பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஆகும். துப்பாக்கிக்கே கடன் வாங்கும் குமாஸ்தா என்ன செய்வார்?

தமிழ்நாட்டிலேயே டில்லிக் குளிர் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவில் ஊட்டி உறைகிறது. கொடைக்கானலில் புல்வெளி வெளுக்கிறது. தேசியப் போட்டிக்குப் போகும் தமிழகப் பிள்ளைகளுக்கு அங்கே பத்து நாள் முகாம் போட்டால் என்ன? ஏர் ரைபிளுக்கும் பிஸ்டலுக்கும் பெரிய மைதானம் தேவையில்லை. 10 மீட்டர் தூரமும், குண்டு தாண்டாத பின்சுவரும், கட்டுப்பாடான நுழைவாசலும் உள்ள ஒரு பள்ளிக்கூட ஹால் போதும். அரையாண்டு லீவில் ஹால் சும்மாதான் கிடக்கும். மாநில சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் உட்கார்ந்து பேசினால் ஒரே கூட்டத்தில் முடிகிற காரியம்.

தென்காசிக்காரர்களுக்கு இன்னொரு வரப்பிரசாதம் இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் காற்று! 50 மீட்டர் போட்டியில் குண்டு போகிற பாதை வெட்டவெளி. 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சின்னத் துணிக் கொடி கட்டியிருப்பார்கள். அது ஆடுவதைப் பார்த்துத்தான் குறியைத் திருத்த வேண்டும். ஆனி, ஆடியில் இந்த ஊரில் வளர்ந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஈரக் காற்றில், விடியற்காலை 5 மணிக்கு, கை சில்லிட்ட நேரத்தில் பயிற்சி எடுக்கச் சொல்லுங்கள். "வெயில் வரட்டும் சார்" என்று பையன் சொன்னால் விடாதீர்கள்.

பயிற்சி என்றதும் வீட்டு மாடியில் ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கத்து வீட்டு ஜன்னலோ, ஒரு குழந்தையின் கண்ணோ போனால் பிறகு போலீஸ் ஸ்டேஷன் வாசல்தான். மலையோரத்தில் குருவியைக் குறி வைத்தாலும் வனத்துறை விடாது. 1972 வனவிலங்குச் சட்டம் ஏர் கன் என்று பார்க்காது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடித்தான் என்றால் அது அந்தக் காலம்!

கையில் என்ன வேண்டும்?

விரல் திறந்து மூடும் கையுறை ஒன்று. கசக்கினால் சூடாகும் சின்னப் பொட்டலம் நாலைந்து. பிளாஸ்கில் வெந்நீர். காப்பி வேண்டாம், அது கையை இன்னும் ஆட்டி வைக்கும். காலுக்கு இறுக்கமாக இரண்டு சாக்ஸ் போடுவதைவிடத் தளர்வாக ஒரு கம்பளி சாக்ஸ் நல்லது. மொத்தமும் ஒரு டப்பா ரவை விலைக்குள் அடங்கிவிடும். பல லட்சம் ரூபாய் ஜெர்மன் துப்பாக்கிக்கு அலைகிற பெற்றோர் இதற்கு ஒரு மாலை ஒதுக்கினால் போதும்.

திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு 2 நாள்தான் ஓடுகிறது. 60 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். போட்டித் தேதி வந்ததும் காலண்டரை எடுங்கள். முந்தின நாள் போய்ச் சேருகிற வண்டியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வண்டியில் பையனை ஏற்றிவிடுங்கள். மூன்று நாலு நாள் லாட்ஜ் செலவு கூடும். அந்த நாட்களில் அவன் டில்லி வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கட்டும்.