சுவருக்குள் பாதுகாப்பு

கல்லூரியில் பாதுகாப்பு என்றவுடன் நம்மில் பலர் சுற்றுச்சுவரையும் வாயிற்காவலரையுமே நினைக்கிறோம். 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டது சுவருக்கு உள்ளே, விடுதியில்தான்! மறு ஆண்டே தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நன்று. ஆனால், பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால்தானே சட்டம் அசையும்?

மாணவிகள் நிலை இன்னும் கடினம். எங்களைப் போல் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு ஒரே அச்சம்தான்: செய்தி வீட்டுக்குப் போனால் படிப்பு நின்றுவிடும். "படித்தது போதும், வீட்டோடு இரு" என்பார்கள். தொல்லை கொடுத்தவனோ பட்டம் வாங்கிக்கொண்டு போவான்!

பாலியல் புகார் மாணவர் தொடர்பானதாயின், அதை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் இருக்க வேண்டும் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகள். பேரவைத் தேர்தல் என்றால் தொண்டை வறளக் கூவும் நாம், இந்த இடங்களைக் கேட்டதுண்டா?

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். புகாருடன் வருபவளிடம், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று தொடங்காதீர்கள். அவள் பெயரை வெளியிடலாகாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அவளைக் கேளாமல் ஊருக்குச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். குழுவினர் பெயர்களை அலுவலகச் சுவரில் மட்டுமன்றி, முதலாண்டு வகுப்பறைகளிலும் தமிழில் எழுதி வையுங்கள்.